வெளிநாட்டில் ஆங்கிலம் நடத்திவிட்டு ஊருக்கு வந்தாச்சு, அடுத்து என்ன செய்வது?

சபர் போவது, அதாவது பிழைக்க வெளிநாடு போவது, நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிது இல்லை. கடை, கம்பெனி, கப்பல் என்று போனவர்களுக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஊரிலேயே நூறு முன்மாதிரி இருக்கிறது. ஆனால் மாலத்தீவிலோ தாய்லாந்திலோ வியட்நாமிலோ ஓமானிலோ ஆங்கில டீச்சராக இருந்துவிட்டு கீழக்கரைக்கோ தொண்டிக்கோ பாம்பனுக்கோ வந்து இறங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு வழி போட்டு வைக்கப்படவில்லை. முதல் வாரமே "திரும்ப எப்ப போறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த மாதம் "ஏதாவது ஸ்கூல்ல சேர்ந்துடுங்களேன்" என்பார்கள். இரண்டுக்கும் பதில் தெரியாமல் வருஷத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவன்தான். இப்போது இங்கே நர்ஸ்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கிறேன், என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் செய்த வேலைக்குள் மூன்று வேலை இருந்தது. ஒன்று பாடம் நடத்துவது, இன்னொன்று ஆங்கிலம், மூன்றாவது வெளிநாட்டில் இருப்பது. அங்கே இருக்கும்வரை மூன்றும் ஒட்டிக்கொண்டே இருக்கும், எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று தெரியாது. ஊருக்கு வந்ததும் மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் தேடுகிறோம், கிடைப்பதில்லை, சோர்ந்துபோகிறோம். அதனால் முதலில் இந்த மூன்றில் எதை விடமுடியாது என்று முடிவு செய்யுங்கள். மற்ற இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் இரண்டையுமே.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? "எனக்கு என்ன பிடிக்கும்" என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது. அங்கே இருந்த கடைசி வருஷத்தில் ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை மணிக்கு மணி எழுதுங்கள். எந்த நேரம் சீக்கிரம் போனது? பிள்ளைகளோடு இருந்த நேரமா, தனியாக உட்கார்ந்து கட்டுரை திருத்திய நேரமா, வேலை முடிந்து யாரும் கேள்வி கேட்காத ஊரில் கடற்கரையில் நடந்த நேரமா? மூன்றாவது என்று வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சம்பளத்துக்காகப் போனேன், அந்தச் சம்பளம்தான் வேண்டும் என்றாலும் அது முழு நியாயமான காரணம். வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணமும் இருக்கிற இடத்தில் அதை மறைத்துக்கொண்டு எடுக்கிற முடிவுதான் ஆறு மாதத்தில் கசக்கும்.

இன்னும் அங்கேயே இருக்கிறவர்கள், கிளம்புவதற்கு முன்னால்

ஒப்பந்தம் முடிய சில மாதம் இருக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால் நல்லது, ஏனென்றால் அங்கே ஒரு நாளில் முடிகிற காரியம் இங்கே வந்தபிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அனுபவச் சான்றிதழ் பள்ளியின் லெட்டர்பேடில் வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வகுப்புகளுக்கு எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். "நல்ல ஆசிரியர், வாழ்த்துகள்" என்று நாலு வரி எழுதிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், நீங்களே வரைவு எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து கேளுங்கள். அந்த நாட்டுப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழையும் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், அடுத்த நாட்டு விசாவுக்குப் பெரும்பாலும் கேட்பார்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விசாப் பக்கம், வேலை அனுமதி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். தலைமையாசிரியரிடமோ துறைத் தலைவரிடமோ சொந்த மெயில் முகவரி கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அவரும் அடுத்த வருஷம் வேறு பள்ளிக்குப் போயிருப்பார், பள்ளி மெயிலுக்குப் போடுகிற கடிதம் யாரிடமும் போகாது.

பணம்

திரும்பி வந்ததும் எல்லோரும் தள்ளிப்போடுகிற விஷயம் வங்கிக் கணக்கு. இனி இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று வந்துவிட்டால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தகவல் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்றவேண்டும், அல்லது பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. கணக்குக்கு நகர்த்தலாம். என்.ஆர்.இ. கணக்கில் வருகிற வட்டிக்கு இருக்கிற வரிவிலக்கு நீங்கள் நிரந்தரமாகத் திரும்பிய பிறகு தொடராது. வருமான வரிக்கு நீங்கள் அந்த நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதும் கணக்கு, 182 நாள் என்பது முக்கியமான எல்லை. பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துத் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரை ஒருதடவை பார்த்துவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

அப்புறம், கையில் இருக்கிற பணம் வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதில் பாதி மாதத்தை முடிவெடுக்கும் கெடுவாக வையுங்கள். எட்டு மாதம் தாங்கும் என்றால் நாலாவது மாதக் கடைசியில் முடிவு. அந்தத் தேதியை வீட்டில் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்துவிட்டால் அம்மா, அத்தா, மாமனார் எல்லோரும் அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். தேதி இல்லை என்றால்தான் தினமும் கேட்பார்கள். பணம் முழுதாகக் கரைந்தபிறகு எடுப்பது முடிவாக இருக்காது, வந்ததைப் பிடித்துக்கொள்வதாகத்தான் இருக்கும்.

பாடம் நடத்துவதை விடமுடியாது என்றால்

பள்ளியில் சேரவேண்டும் என்றால் பி.எட். இல்லாமல் ரொம்ப தூரம் போகமுடியாது. ஆங்கிலம் நடத்துவதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழை வைத்துக்கொண்டு வியட்நாமில் வேலை பார்த்திருக்கலாம், இங்கே அது பி.எட்.டுக்கு மாற்று ஆகாது. பி.எட். இரண்டு வருஷப் படிப்பு, பட்டப்படிப்பில் பொதுவாக 50 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. தொலைதூரக் கல்வியில் முடித்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் அந்தப் படிப்பு ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான், வெறும் டிகிரியோடு போனால் சேர்க்கமாட்டார்கள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நடத்த டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும். முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. டெட் பாஸ் செய்தால் அரசு வேலை கிடைத்துவிடும் என்பது இன்னமும் ஊரில் ஓடுகிற நம்பிக்கை. தமிழ்நாட்டில் 2018 அரசாணைப்படி டெட் ஒரு தகுதி மட்டும்தான், வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்துகிற போட்டித் தேர்வைத் தனியாக எழுதவேண்டும், அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அங்கே நீங்கள் எத்தனை வருஷம் நடத்தினீர்கள் என்பதை அந்தத் தேர்வு கேட்காது, மதிப்பெண்தான் பேசும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பணியில் இருக்கிறவர்களுக்கும் டெட் கட்டாயம் என்று தீர்ப்பு சொன்னது, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று விட்டது. நம்ம கடற்கரையில் நல்ல பள்ளிகள் பல கிறிஸ்தவ, முஸ்லிம் நிர்வாகங்களுடையவை. அங்கே சேர நினைக்கிறவர்கள் இந்த வழக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், எப்படியானாலும் டெட் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பி.இ. முடித்துவிட்டு ஆங்கிலம் நடத்தப் போனவர்கள் நிறைய. உங்களுக்கு இங்கே பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பதவி சுலபம் இல்லை, ஏனென்றால் பட்டப்படிப்பே அந்தப் பாடமாக இருக்கவேண்டும் என்பார்கள். எம்.ஏ. ஆங்கிலம் அஞ்சல்வழியில் படித்து 55 சதவீதமாவது எடுத்தால் கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் தகுதித் தேர்வு எழுதலாம், கல்லூரிப் பக்கம் போகலாம். ஆனால் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் அதே பாடமா என்று பார்ப்பார்கள். அறிவிக்கையை முழுசாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தனியார் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் ஆள் எடுப்பது மார்ச் முதல் மே வரை, செப்டம்பரில் வந்து இறங்கிவிட்டு நாலு பள்ளியில் இல்லை என்றார்கள் என்று மனசொடிய வேண்டாம், காலம் அப்படி. இன்னொன்று, அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வேலை பார்ப்பது. இதனால் பாதியில் நல்ல வாய்ப்பு வந்தும் நகர முடியாமல் ஒரு வருஷம் மாட்டிக்கொண்ட தோழி எனக்கு இருக்கிறார். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.

பள்ளி வேண்டாம், பிள்ளைகள் வேண்டும் என்கிறவர்களுக்கு டியூஷன் சென்டர். என் மனசுக்கு நெருக்கமானது இதுதான், நம்ம ஊருக்கு ரொம்பத் தேவையானதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண்டபத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தை ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் வாசித்தான், கமாவில் நிறுத்தி, முற்றுப்புள்ளியில் குரலை இறக்கி. புத்தகத்தை மூடிவிட்டு "இதுல யாரு வர்றாங்க?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தான். கதையில் ஒரு பாட்டியும் ஆடும் இருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. மாலத்தீவில் நாலாம் வகுப்புப் பிள்ளை பிழையோடு என்றாலும் ஆங்கிலத்தில் சண்டை போடும், ஏனென்றால் அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அங்கே பழகிய முறையை, வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்கிற விதியை, இங்கே அப்படியே இறக்கினால் இந்தப் பையன் இன்னும் அழகாக வாசிக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். அந்த நாட்டுப் பிள்ளைகளின் மொழி தெரியாமல் நடத்தினீர்கள், இங்கே பிள்ளைகளின் மொழி உங்கள் மொழி. ஒரு வாக்கியம் வாசித்ததும் தமிழில் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் அதையே ஆங்கிலத்தில் மூன்று வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மூன்று வார்த்தை சொன்னால் பாராட்டுங்கள்.

சென்டர் நடத்துவதில் கடலைப் பார்த்துத்தான் எல்லாமே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கட்டிக் கிடக்கும், அந்தக் குடும்பங்களில் கையில் காசு புரளாது. நல்லவேளை பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதே சமயம். ஆனால் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், நோட்டு, பை என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறபோது நீங்களும் போய்க் கை நீட்டினால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், படகு அப்போதுதான் கடலுக்குப் போயிருக்கும். புது வருஷக் கட்டணத்தை ஜூலையிலிருந்து வாங்குங்கள். வகுப்பு நேரத்தை மக்ரிப் தொழுகை, கோயில் பூசை, சர்ச் ஜெபம் இவற்றோடு மோதாமல் வையுங்கள், பெண் பிள்ளைகளை இருட்டுவதற்கு முன் அனுப்பிவிடுகிற மாதிரி வைத்தால் அம்மாக்கள் நம்பி அனுப்புவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் வகுப்பு நடக்காது, அதற்குச் சேர்த்தே பாடத் திட்டம் போடுங்கள். இதில் முதல் வருஷம் பெரிய வருமானம் வராது. அதனால்தான் முன்னால் பணக் கணக்கு சொன்னேன்.

ஆங்கிலம்தான் முக்கியம் என்றால்

ஆங்கிலம் நடத்துவதற்குக் கேம்பிரிட்ஜ் கொடுக்கிற செல்டா சான்றிதழ் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 120 மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நடத்திக் காட்டவேண்டும், கட்டணமும் அதிகம். பெரியவர்களுக்கு ஆங்கிலம் நடத்துவதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு அது வேலைக்கு ஆகும். இங்கே சென்டர் வைக்க மட்டும் என்றால் அந்தப் பணத்தில் இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

நம்ம பக்கத்துக்கு ஏற்றது தேர்வுப் பயிற்சி. நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து போக நினைக்கிற பெண்கள் இங்கே நிறைய, அவர்களுக்கு மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. அல்லது பொதுவான ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வேண்டும். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் ஓ.இ.டி.யில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி கேட்கிறது, எழுத்தில் மட்டும் சி பிளஸ் போதும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 7, எழுத்துக்கு 6.5. இந்தப் பெண்களுக்கு நோயாளியிடம் பேசத் தெரியும், மருந்து தெரியும், மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணோடு பேச்சுத் தேர்வுப் பயிற்சி. நான் மாத்திரையை நிறுத்திவிட்ட கிழவனாக நடித்தேன், அந்த மாத்திரை போட்டால் பஸ்ஸில் போகும்போது அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று காரணம் சொன்னேன். அந்தப் பெண் "ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு உப்பைக் குறைக்கச் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டாள். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. "நான் என்ன சொன்னேன்மா?" என்று தமிழில் கேட்டதும்தான் நின்றாள். அடுத்த தடவை "எந்நேரம் மாத்திரை போடுறீங்க, பஸ் எத்தனை மணிக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பயிற்சி நிஜமாக ஆரம்பித்தது. ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவு. வெளிநாட்டு வகுப்பறையில் இருந்த டீச்சருக்கு இதை நடத்த நல்ல அடித்தளம் இருக்கிறது, ஆனால் முதலில் நீங்களே ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி நல்ல மதிப்பெண் எடுத்து வையுங்கள், அதைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

ஆன்லைனில் வெளிநாட்டு மாணவர்களுக்கு நடத்துவது தனி வருமானமாகப் போதாது, கூடுதல் வருமானமாக நன்றாக வரும். ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கிற பிரெப்ளி தளத்தில் ஒவ்வொரு புது மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணம் முழுக்கத் தளத்துக்கே போகும், அப்புறம் 33 சதவீதம் பிடித்துக்கொண்டு, மணி நேரம் சேரச்சேர 18 வரை குறைப்பார்கள். அதனால் ஒன்றிரண்டு வகுப்போடு போகிற பத்து மாணவர்களைவிட நிலையான நாலு பேர் மேல். நேரம் நமக்குச் சாதகம்: ஜப்பானில் மாலை 7 மணி இங்கே மதியம் 3.30, வியட்நாமில் 6 மணி இங்கே 4.30. உள்ளூர் டியூஷனுக்கு முன்னால் முடித்துவிடலாம். சவூதியில் இரவு 8 என்றால் நமக்கு 10.30, குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கு ஒத்துவராது. சென்னை, புதுச்சேரிப் பதிப்பக நிறுவனங்களில் காப்பி எடிட்டிங் வேலையும் உண்டு, கட்டுரை திருத்துவதே பிடிக்கும் என்று அந்த நாளை எழுதிப் பார்த்ததில் வந்தவர்கள் அதை முயற்சி செய்யுங்கள்.

ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் கைடாகப் போகலாமே என்றும் சொல்வார்கள். வருகிறவர்களில் பெரும்பகுதி வடநாட்டு யாத்ரிகர்கள், அங்கே ஆங்கிலத்தைவிட இந்திதான் ஓடும்.

மறுபடி வெளிநாடே என்றால்

அப்படி என்றால் இங்கே இருக்கிற மாதங்களைத் தகுதி சேர்க்கப் பயன்படுத்துங்கள். வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பெரும்பாலும் பி.எட்.டும் அனுபவமும் கேட்கும். பி.எட். முடித்துவிட்டுப் போனால் அடுத்த பத்து வருஷத்துக்குச் சம்பளம் வேறு. மாலத்தீவுக்கே திரும்பப் போகிறவர்கள் சம்பளம் டாலரிலா அந்த நாட்டு ரூபியாவிலா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், அங்கே டாலர் தட்டுப்பாடு இருப்பதால் ரூபியாவை மாற்றி வீட்டுக்கு அனுப்புவதற்குள் கணிசமாகக் கரைந்துவிடும்.

சீனாவை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒன்று: 2021 ஜூலையில் அந்த நாட்டு அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சித் தொழிலையே கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது, பழைய கதையைக் கேட்டுக் கிளம்பாதீர்கள்.

ஏஜென்ட் மூலம் போகிறீர்கள் என்றால் அவர் வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர் காட்டுகிற காகிதத்தைப் பார்த்து நம்பவேண்டாம். கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கம் நல்ல ஆங்கிலம் தெரிந்தால் போதும், ஆயிரம் டாலர் சம்பளம் என்று ஆசை காட்டி நம்ம பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்திருந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் அவர்களுக்கு அதிகம் தேவை, அதனால் உங்களுக்கு அந்த அழைப்பு வர வாய்ப்பு கூடுதல். பள்ளியின் பெயர், முகவரி, வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கேளுங்கள். அங்கே இப்போது வேலை பார்க்கிற ஒரு டீச்சரோடு வீடியோவில் பேசவேண்டும் என்று கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்கே வந்து மாற்றிக்கலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிட்டு, ஏற்கெனவே கொடுத்த பாஸ்போர்ட்டை அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.